புதுமை மலரும் தொழிற்களம்

நிலத்தில் இட்ட விதையெல்லாம் முளைப்பதில்லை. விதை நன்றாயினும் மண் இறுகிக் கிடந்தால் முளை வெளிவாராது. மண் இளகி, ஈரம் சுவறி, காற்றுப் புகுவதற்கு இடம் இருப்பின் சிறு விதையும் செடியாகும். மாந்தர் உள்ளத்தில் தோன்றும் புதிய எண்ணமும் இத்தகையதே. அறிவாளர் பலர் கூடிய பெருந்தொழிற்சாலையிலும் புதுமை பிறவாமற் போவதுண்டு. எளியவர் சிலர் உழைக்கும் சிறு பட்டறையில் உலகுக்குப் பயன்படும் புதுமை பிறப்பதும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் விளைகின்றது? உளநூல் அறிஞர் இவ்வினாவை நெடுநாள் ஆராய்ந்துள்ளனர். தொழிலுலக வரலாறும் இதற்கு விடை பகர்கின்றது. அவ்விடையை இங்குக் காண்போம்.

முதற்கண் புதுமை என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். முன்பு இல்லாத ஒன்றை ஆக்குதல் மட்டும் புதுமை அன்று. ஆக்கிய பொருள் பயன்படுதலும் வேண்டும். சுவரிற் குழந்தை கிறுக்கும் கோடு புதியதே. ஆயினும் அதனை ஓவியம் என்று எவரும் கூறார். புதியதும் பயனுள்ளதும் ஒருங்கு கூடிய ஆக்கத்தையே உளநூலார் படைப்பாற்றலின் விளைவு என்பர். இவ்வாற்றல் கவிஞர்க்கும் சிற்பிக்கும் மட்டும் உரியது அன்று. கணக்கு எழுதுவோர், பொறி இயக்குவோர், நூல் நூற்போர், நோயாளரைப் பேணுவோர் ஆகிய அனைவரிடத்தும் அஃது உறங்கிக் கிடக்கின்றது. அதனைத் தட்டி எழுப்புவதும் தலையில் அடித்துத் தாழ்த்துவதும் பெரும்பாலும் பணிக்களத்தின் இயல்பைப் பொறுத்தனவாம்.

வட அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில், டூ ஹார்பர்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1902-ஆம் ஆண்டில் ஐவர் கூடி ஒரு சுரங்க நிறுவனத்தைத் தொடங்கினர். இரும்பையும் மரத்தையும் தேய்த்து மெருகிடப் பயன்படும் குருந்தக்கல்லை அகழ்ந்து விற்பது அவர்தம் நோக்கம். குருந்தம் என்னும் நம் தமிழ்ச் சொல்லினின்றே அக்கல்லின் ஆங்கிலப் பெயர் பிறந்தது என்பது ஈண்டு அறியத்தக்கது. ஆனால் அவர்கள் அகழ்ந்தெடுத்தது குருந்தம் அன்று. மெருகிடுதற்கு உதவாத வேறொரு கல். செய்வது அறியாது திகைத்த அவர்கள், வெளியிலிருந்து கல்லை வாங்கி உப்புத்தாள் செய்து விற்கத் தலைப்பட்டனர். இவ்வாறு பிழையிலே பிறந்த அந்நிறுவனமே பிற்காலத்தில் த்ரீ எம் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

1907-ஆம் ஆண்டில் அங்கு உதவிக் கணக்கராக வந்து சேர்ந்தவர் வில்லியம் மெக்நைட் என்பவர். உழவர் குடியில் தோன்றியவர். தம் உழைப்பால் படிப்படியாக உயர்ந்தவர். 1914-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்துக்கு ஓர் இடர் நேர்ந்தது. விற்ற உப்புத்தாளினின்று கல் தூள் உதிர்ந்து போகின்றது என்று வாங்கினோர் முறையிட்டனர். ஆராய்ந்து பார்த்தபோது, கடல் வழியே வந்த கல்லின்மீது கப்பலில் ஒலிவ எண்ணெய் கொட்டியிருந்தது தெரியவந்தது. எண்ணெய்ப் பற்று இருந்தமையால் பசை பிடிக்கவில்லை. இதனைக் கண்ட மெக்நைட், யார்மேற் குற்றம் சுமத்தலாம் என்று தேடினார் அல்லர். இத்தகைய பிழையை முன்னரே அறிய வழி யாது என்று தேடினார். அதன் பயனாக 1916-ஆம் ஆண்டில், 500 டாலர் செலவில், ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைந்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கான பொருள்களைத் தந்த ஆய்வுப் பணிக்கு அதுவே கால்கோள் ஆயிற்று. பிழையைப் பாடமாக்கும் களத்திற் புதுமை வளரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அவ்வாய்வுக்கூடத்தில் 1921-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ட்ரூ என்னும் இளைஞர் பணியில் அமர்ந்தார். பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியை இசைத்துப் பொருளீட்டியவர் அவர்; பட்டம் பெற்ற பொறியறிஞர் அல்லர். உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்க மோட்டார் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறைகளுக்குச் செல்வது அவர் கடமை. 1923-ஆம் ஆண்டில் ஒரு நாள் அத்தகைய பட்டறை ஒன்றில் வண்ணக்காரர்கள் மனம் நொந்து வைவதைக் கேட்டார். அக்காலத்தில் ஒரே வண்டிக்கு இரு வண்ணம் பூசும் வழக்கம் பரவியிருந்தது. ஒரு வண்ணத்தின்மீது தாளை ஒட்டி மறைத்து, மற்றொன்றைப் பூசுவர். பின்னர்த் தாளை உரிக்கும்போது முன்பு பூசிய வண்ணமும் உரிந்துவரும். உழைத்த உழைப்பெல்லாம் பாழாகும். அத்துன்பத்தைக் கண்ட ட்ரூ, எளிதில் உரியும் ஒட்டுநாடா ஒன்றை யான் செய்து தருவேன் என்று வாக்களித்தார். அவர் நிறுவனமோ அதுகாறும் ஒட்டுநாடா எதனையும் செய்தறியாதது!

ஈராண்டுகள் பலவகைப் பசைகளையும் தாள்களையும் அவர் சோதித்தார். இடையில் மெக்நைட் அவரை அழைத்து, இம்முயற்சியை விடுத்து உப்புத்தாள் வேலையைக் கவனிக்குமாறு பணித்தார். ட்ரூவின் உள்ளமோ நாடாவை விட்டு நீங்கவில்லை. அவர் மீண்டும் அப்பணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்ட மெக்நைட் யாதும் கூறாது சென்றார் என்பர். பின்னர் ஒரு பொறி வாங்கப் பொருள் வேண்டியபோது மறுமொழி இல்லை என்றே வந்தது. 100 டாலர் வரையிற் பொருள் வாங்கத் தமக்கு உரிமை உண்டு என்பதை நினைந்த ட்ரூ, 99 டாலர்ச் சீட்டுகள் பலவற்றால் அப்பொறியைச் சிறிது சிறிதாக வாங்கி முடித்தார் எனவும் கூறுவர். 1925-ஆம் ஆண்டில் நாடா உருப்பெற்றது. சுருக்கம் வைத்த தாளின்மேற் பசை தடவிய அந்நாடா வண்ணக்காரரின் குறையைத் தீர்த்தது. 1930-ஆம் ஆண்டில் அவரே கண்ணாடித்தாள் போன்ற ஒட்டுநாடாவையும் ஆக்கினார். பொருள் முடை மிகுந்த அந்நாளில் மக்கள் கிழிந்த நூலையும் உடைந்த பொருளையும் ஒட்டிப் பயன்படுத்த அது பேருதவி புரிந்தது. இன்று உங்கள் புத்தகங்களை ஒட்டும் நாடா அதன் வழிவந்ததே.

இந்நிகழ்ச்சியிற் கருதத்தக்கவை இரண்டு. ட்ரூவின் எண்ணம் ஆய்வுக்கூடத்தின் நாற்காலியிற் பிறக்கவில்லை. பிறருடைய துன்பத்தைக் காதாற் கேட்டவிடத்துப் பிறந்தது. மெக்நைட்டும் எல்லாம் அறிந்த தலைவர் அல்லர். நல்ல எண்ணத்தை இருமுறை மறுத்தவர். ஆயினும் தம் சொல் மீறப்பட்டது என்னும் சினத்தால் அவ்விளைஞரைத் துரத்தினார் அல்லர். தாம் மறுத்த ஒன்று பயன் தந்ததைக் கண்டு, அதனின்றும் தாமே பாடம் கற்றார். 1948-ஆம் ஆண்டில் அவர் தம் நிறுவனத்துக்கு வகுத்துரைத்த கொள்கையின் சாரம் இது: பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால் பிழைகள் நேரவே செய்யும், ஆயினும், இன்னவாறே செய்க என்று மேலோர் ஒவ்வொன்றிலும் தலையிட்டு ஆணையிடுவதால் விளையும் தீமை அப்பிழைகளினும் பெரிது, பிழை கண்டவிடத்துக் கடுமொழியால் நொறுக்கும் ஆட்சி தானே முயலும் ஊக்கத்தைக் கொன்றுவிடும். இந்த வினையை இக்கருவியால் இவன் முடிப்பான் என ஆராய்ந்து, அவ்வினையை அவனிடமே விடுக என்று வள்ளுவர் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தியதும் இக்கருத்தோடு ஒத்திருத்தல் காண்க.

அச்சம் அறிவை எவ்வாறு மறைக்கின்றது என்பதனை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏமி எட்மண்ட்சன் என்னும் பெண் அறிஞர் ஆராய்ந்து காட்டினார். மருத்துவமனைகளிற் பணிபுரியும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை அவர் கணக்கிட்டார். நன்கு இயங்கும் குழுக்களிற் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ மாறாக இருந்தது; நல்ல குழுக்களிலேயே மிகுதியான பிழைகள் பதிவாகியிருந்தன! காரணத்தை நாடியபோது உண்மை வெளிப்பட்டது. அக்குழுக்கள் பிழை மிகுதியாகச் செய்தன என்பதனினும், நேர்ந்த பிழையை மறையாது கூறின என்பதே பொருந்தும் விளக்கமாயிற்று. பிற குழுக்களிற் பிழைகள் அச்சத்தால் மூடி மறைக்கப்பட்டன. இவ்வாராய்ச்சி 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வினவினாலும், பிழையை ஒப்பினாலும், மாறுபட்ட கருத்தை உரைத்தாலும் தமக்கு இழிவு நேராது என்னும் நம்பிக்கை குழுவினர் உள்ளத்தில் நிலவுதலை அவர் உளப்பாதுகாப்பு என்றார். மூடி வைத்த பிழையைத் திருத்துவார் யார்? அஞ்சி விழுங்கிய எண்ணத்தைக் கேட்பார் யார்? நோயாளியின் உயிரே இதன்பாற்பட்டது எனின் இதன் அருமை கூறவும் வேண்டுமோ?

பரிசு கொடுத்தாற் புதுமை பெருகாதோ என்று நீங்கள் வினவக்கூடும். இதற்கும் ஒரு சோதனை விடை கூறுகின்றது. கார்ல் டுங்கர் என்னும் செருமானிய உளநூலார் வகுத்தது அச்சோதனை. மேசைமீது ஒரு மெழுகுவத்தியும், தீக்குச்சிகளும், ஒரு சிறு பெட்டி நிறையத் தட்டைத்தலை ஆணிகளும் இருக்கும். மெழுகு மேசைமேற் சிந்தாதவாறு மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்தி எரித்தல் வேண்டும். பலர் மெழுகுவத்தியையே ஆணியால் அறைய முயன்று தோற்பர். ஆணிகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சுவரில் அறைந்து, அதனைத் தாங்கியாகக் கொண்டு மெழுகுவத்தியை அதில் நிறுத்துவதே வழி. பெட்டி என்பது ஆணி வைக்கும் கலம் என்று மட்டும் எண்ணும் உள்ளத்துக்கு இவ்வழி எளிதிற் புலப்படாது. 1962-ஆம் ஆண்டில் சாம் குளுக்ஸ்பெர்க் என்பார், விரைந்து முடிப்பார்க்குப் பணம் தருவதாக ஒரு சாராரிடம் கூறினார். மற்றொரு சாராரிடம் அவ்வாறு கூறவில்லை. பணத்தை எதிர்நோக்கியவரே மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டனர். ஆனால் ஆணிகளைப் பெட்டிக்கு வெளியே வைத்து, வழியை எளிதாக்கிக் கொடுத்தபோது பணத்தை விரும்பியவர் விரைந்து முடித்தனர்.

இதனால் அறிவது யாது? வழி தெரிந்த வேலையை விரைவுபடுத்தப் பரிசு உதவும். வழி தெரியாத வேலையிலோ பரிசின்மேல் வைத்த கண் பக்கத்தில் உள்ளதைக் காணவொட்டாது தடுத்தலும் உண்டு. தெரேசா அமாபிலி என்னும் உளநூலாரும், செய்யும் தொழிலிடத்து ஒருவர் கொள்ளும் விருப்பமே படைப்பாற்றலுக்குச் சிறந்த உந்துவிசை என்று பல்லாண்டு ஆராய்ந்து கூறினார். இதனைக் கொண்டு, உழைப்பார்க்குக் கூலியைக் குறைக்கலாம் என்று கருதுதல் பெருந்தவறு. வயிற்றுக் கவலை உள்ளவர்க்கு எண்ணத்திற் புதுமை தோன்றுதல் அரிது. நேர்மையான கூலி தருதல் கடமை. அதற்குமேல் வேண்டுவது, இத்தொழில் என்னுடையது என்னும் உரிமை உணர்ச்சி.

புதுமைக்கு ஓய்ந்த பொழுதும் வேண்டும். த்ரீ எம் நிறுவனத்தில் ஆய்வாளர் தம் பணி நேரத்தில் 100-க்கு 15 பங்கைத் தாம் விரும்பிய முயற்சியிற் செலவிடலாம் என்னும் வழக்கம் வேரூன்றியது. 1968-ஆம் ஆண்டில் ஸ்பென்சர் சில்வர் என்னும் வேதியியலார் வலிமை மிக்க பசை ஒன்றை நாடினார். அவருக்குக் கிட்டியதோ மெல்ல ஒட்டி எளிதில் உரியும் பசை. இதனால் ஆவது யாது என்று பலர் வினவினர். அவர் சோர்வடையாது உடன் பணிபுரிவோரிடம் அதன் இயல்பைப் பல்லாண்டு எடுத்துரைத்து வந்தார். அதனைக் கேட்டிருந்த ஆர்ட் ஃபிரை என்பார் தேவாலயத்தில் இசைக்குழுவோடு பாடுபவர். பாட்டு நூலில் அடையாளமாக வைத்த தாள்துண்டுகள் நழுவி விழுவது அவருக்குத் தொல்லையாக இருந்தது. 1974-ஆம் ஆண்டில் அவருக்கு அப்பசையின் நினைவு வந்தது. தாளையும் பசையையும் இணைத்து, ஒட்டவும் உரிக்கவும் ஏற்ற குறிப்புத்தாளை அவர் ஆக்கினார். 1977-ஆம் ஆண்டில் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது அதனை வாங்குவார் அரியர். அடுத்த ஆண்டில் பாய்சி என்னும் நகரத்தில் விலையின்றி வழங்கினர். பயன்படுத்திப் பார்த்தவரில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் இனி விலைகொடுத்து வாங்குவோம் என்றனர். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் அது விற்பனைக்கு வந்தது. எண்ணம் தோன்றி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த பின்னரே அது பயனாயிற்று. ஒருவர் தோல்வி என்று கண்ட பொருள் மற்றொருவர் குறைக்கு மருந்தாயிற்று. இருவரும் உரையாடாதிருந்தால் பசை ஒருபுறமும் குறை ஒருபுறமுமாகக் கிடந்திருக்கும் அன்றோ?

பட்டம் பெற்ற ஆய்வாளர்க்கே இவை உரியன என்று கருதுதல் கூடாது. சப்பான் நாட்டில் சாகிச்சி டொயோடா என்னும் தச்சர் மகனார், நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும் தறியை 1924-ஆம் ஆண்டில் முழுமையாக்கினார். பழுது நேர்ந்தால் நிறுத்துக. காரணத்தைக் கண்டு களைக. பின்னர்த் தொடர்க என்பது அத்தறி கற்பித்த நெறி. அவர் மகனார் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலையிலும் அந்நெறியே பரவியது. வண்டியைக் கோக்கும் வரிசையில் நிற்கும் தொழிலாளி குறை ஒன்றைக் கண்டால் ஒரு கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ அறிவிக்கலாம். குழுத்தலைவர் உடனே உதவிக்கு வருவார். குறை தீராவிடின் வரிசை முழுதும் நிற்கும். 1951-ஆம் ஆண்டு முதல் தொழிலாளர் தம் கருத்துகளை எழுதித் தரும் முறையும் அங்கு ஏற்பட்டது. வேலையின் இடர்ப்பாட்டை நாள்தோறும் கையாற் காண்பவர் அத்தொழிலாளரே. அவர் கூறும் சிறு திருத்தத்தைக் கேட்டுச் செயற்படுத்துதல் அவர் அறிவுக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும். கருத்தைப் பெட்டியில் வாங்கிப் பூட்டி வைத்தல் சிறப்பு அன்று. அஃது அவமதிப்பினும் கொடியது.

பலர் கூடிப் பேசினாற் புதுமை தோன்றிவிடும் என்பாரும் உளர். அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்னும் அமெரிக்கர் குழுவாகக் கூடி மனத்தில் தோன்றுவனவற்றையெல்லாம் தடையின்றிக் கூறும் முறையைப் பரப்பினார். 1958-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்தனர். நால்வர் கூடி எண்ணியதனினும், நால்வர் தனித்தனியே எண்ணியவற்றைத் தொகுத்தபோது மிகுந்த கருத்துகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருத்தலும், பிறர் என்ன நினைப்பரோ என்னும் கூச்சமும் இதற்குக் காரணங்கள் எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் விளக்கினர். ஆதலின், முதலில் தனித்து எண்ணுதல், பின்னர்க் கூடி ஆராய்தல் என்னும் முறையே நலம் பயப்பதாகும்.

இனி, உரிமை மட்டும் இருந்தாற் போதுமோ? போதாது. ஒழுங்கற்ற உரிமை காட்டாற்று வெள்ளம் போன்றது. உரிமையற்ற ஒழுங்கு வறண்ட வாய்க்கால் போன்றது. த்ரீ எம் நிறுவனமே இவ்விரண்டற்கும் இடையே தடுமாறியது உண்டு. 2001 முதல் 2005 வரை அதனை நடத்திய தலைவர், பிழையையும் வீண் செலவையும் அளந்து குறைக்கும் கடுமையான முறையைக் கொணர்ந்தார். ஆலையில் அதனாற் சிக்கனம் விளைந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்திலும் அதே அளவுகோலைப் புகுத்தியமையால் புதுமுயற்சி தளர்ந்தது என்று ஆய்வாளர் பலர் கருதினர். அடுத்து வந்த தலைவர் ஆய்வுத்துறையில் அக்கட்டைத் தளர்த்தினார். நாளை ஒரே அளவினவாக ஆயிரம் பொருள் செய்ய வேண்டிய இடத்தில் ஒழுங்கே தலைமை பெறும். இதுகாறும் இல்லாததைத் தேடும் இடத்தில் உரிமையே தலைமை பெறும். எவ்விடத்து எது வேண்டும் என அறிவதே தலைமைப் பண்பு.

மாணவர்காள்! நாளை நீங்கள் பணிக்களங்களிற் புகுவீர்கள். சிலர் பிறர்கீழ்ப் பணிபுரிவீர்கள். சிலர் பிறரை நடத்துவீர்கள். பணிபுரியுங்கால், கண்ட குறையைக் கண்டவாறு பணிவோடு உரைக்கவும், ஒரு முறை மறுக்கப்பட்ட நல்லெண்ணத்தை மீண்டும் செப்பனிட்டுக் கொண்டு வரவும் துணிவு கொள்ளுங்கள். பிறரை நடத்துங்கால், உங்கள்முன் ஒருவர் தயங்கி நின்று புதியதொன்றைக் கூறும் அச்சிறு பொழுதை நினைவிற் கொள்ளுங்கள். அவர் சொல் முடியுமுன் நகைத்துவிட்டால், அன்று அவிவது ஓர் எண்ணம் மட்டும் அன்று. அவரும், அதனைக் கண்ட மற்றவரும் இனி வாய் திறவார். பொறுமையோடு கேட்டு, இதனைச் சிறிய அளவிற் செய்து பார்ப்போம் என்று கூறுவீராயின், அச்சொல் இறுகிய மண்ணில் விழுந்த முதல் மழை போன்றதாகும். இப்பழக்கத்தைத் தொடங்கத் தொழிற்சாலை வரையிற் காத்திருக்க வேண்டுவதில்லை. வகுப்பறையில் உடன் பயிலும் தோழர் ஒருவர் தவறான விடை கூறும்போது நீங்கள் நகைக்கின்றீர்களா, அன்றி அவர் எண்ணிய வழியைக் கேட்டறிகின்றீர்களா என்பதிலேயே அது தொடங்கிவிடுகின்றது.

பயிற்சி வினாக்கள்

1. உப்புத்தாளில் நேர்ந்த குறையை மெக்நைட் எவ்வாறு நன்மையாக்கினார்?

2. நல்ல குழுக்களில் மிகுதியான பிழைகள் பதிவானமைக்குக் காரணம் யாது?

3. மெழுகுவத்திச் சோதனையாற் பரிசைப் பற்றி நாம் அறிவன யாவை?

4. உரிமையும் ஒழுங்கும் எவ்வெவ்விடங்களில் தலைமை பெறும்? உங்கள் ஊரில் நீங்கள் கண்ட ஒரு தொழிலை எடுத்துக்காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.